கூடைப்பந்தும் ஆறு புளியங்கொட்டையும்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. மல்லாட்டை பிடுங்கி, ஆய்ந்து முடித்து மூன்று நாள் ஆகிறது. (சென்னை நண்பர்களுக்காக: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக் கொட்டை என்பது எங்கள் பக்கத்து வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது.) காய் இப்போது எங்கே காய்கிறது தெரியுமா? பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தரையில். ஒரு பக்கத்து வளையத்துக்குக் கீழே என் காய், இன்னொரு பக்கம் பங்காளி வீட்டுக் காய். நடுக்கோட்டில் ஒரு நாய் படுத்திருக்கிறது.

போன வாரம் சென்னையிலிருந்து பேசிய நண்பர் கேட்டார்: "ஏங்க, விவசாயம் பண்றீங்க, சரி. நடுவுல இந்த பேஸ்கட்பால் எங்கிருந்து வந்துச்சு? கிராமம்னா கபடி, வாலிபால்தானே?"

நியாயமான கேள்வி. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில் வாலிபால் நெட் கட்டாத தெரு கிடையாது. கூடைப்பந்து வந்தது பழைய மாணவர்கள் சிலரால். வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் காசு போட்டுப் பள்ளிக்கூடத்தில் சிமெண்ட் தரையும் இரண்டு இரும்புக் கம்பமும் போட்டுக் கொடுத்தார்கள். போட்டவர்கள் போய்விட்டார்கள். சொல்லித்தர ஆள் இல்லை. விழுப்புரத்தில் கல்லூரி படிக்கும்போது மூன்று வருஷம் நான் கூடைப்பந்து ஆடியவன். பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை, பாதி ஆட்டத்துக்குப் பெஞ்சில்தான் இருப்பேன். ஆனால் ஊரில் அதுவே டாக்டர் பட்டம் மாதிரி. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஒருநாள் மோட்டார் கொட்டாய்க்கே வந்து, "சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்களேன்" என்றார். கழனிக்குத் தண்ணி கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தானே என்று போனேன். போன வருஷம் ஜூன் மாதம் அது.

பதினொரு பையன்கள். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை. அவர்கள் பெயரை எழுதப் போவதில்லை, பிள்ளைகள் பெயர் இணையத்தில் எதற்கு? பனியன் நம்பரையே பெயராக வைத்துக்கொள்வோம். கூடைப்பந்தில் பழைய வழக்கப்படி நம்பர் 4-இல்தான் ஆரம்பிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நடுவர் விரல் காட்டினால் அது பாயிண்டுக் கணக்கு, குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. ஆக எங்கள் டீம் 4 முதல் 14 வரை.

இதில் 7-ம் நம்பர் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன். கை நீளம், கால் வேகம், கண்ணில் பயமே கிடையாது. பத்தடி உயரத்து வளையம் அவனுக்கு மட்டும் எட்டடியில் இருக்கிற மாதிரி ஆடுவான். முதல் மாசம் நான் செய்ததெல்லாம் அவனை ரசித்தது மட்டும்தான். பந்து கிடைத்தால் அவனிடம் கொடு, அவன் பார்த்துக்கொள்வான். பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு ஆடிய இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தோம். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

மூன்றாவது ஆட்டம் திண்டிவனத்தில். எதிர் டீமில் யாரோ விவரம் தெரிந்தவர் இருந்திருக்கிறார். இரண்டு பையன்களை 7 மேலேயே ஒட்டவைத்துவிட்டார். அவனுக்குப் பந்து வந்தால் மூச்சுவிட இடமில்லை. கோபத்தில் தப்பாட்டம், தப்பாட்டமாகச் செய்து ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். மீதி நாலு பேருக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. மாடு அவிழ்த்துக்கொண்டு போன வண்டி மாதிரி நின்றார்கள். பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை.

அன்று ராத்திரி யோசித்தேன். பந்து போடச் சொல்லிக் கொடுத்தேன், தட்டச் சொல்லிக் கொடுத்தேன், சேர்ந்து ஆடச் சொல்லியே கொடுக்கவில்லை. அது தானாக வரும் என்று நினைத்துவிட்டேன்.

நான் தனி ஆள் இல்லை, பெரிய பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா அனுப்பிய டீமில் ஐவர்சன், டிம் டங்கன், இளம் லெப்ரான் ஜேம்ஸ் எல்லாரும் இருந்தார்கள். ஒவ்வொருத்தரும் ஒரு மலை. முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோ என்கிற சின்னத் தீவிடம் 73-க்கு 92 என்று தோற்றார்கள். அரையிறுதியில் அர்ஜென்டினா அடித்தது. அந்த அர்ஜென்டினாதான் தங்கம் வாங்கியது. அமெரிக்காவுக்கு வெண்கலம்.

இன்னும் பின்னால் போனால், கூடைப்பந்து பிறந்ததே கூட்டாளிக்குப் பந்தைக் கொடுக்கிற ஆட்டமாகத்தான். 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஊரில், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆட ஏதாவது வேண்டும் என்று ஜேம்ஸ் நைஸ்மித் என்ற வாத்தியார் இதை உருவாக்கினார். வகுப்பில் பதினெட்டுப் பேர், அதனால் பக்கத்துக்கு ஒன்பது பேர். பீச் பழக்கூடை இரண்டை மாட்டிவிட்டார். அவர் எழுதிய முதல் விதிகளில், பந்தை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது. பிடித்த இடத்திலிருந்தே இன்னொருத்தனுக்கு எறிய வேண்டும். தரையில் தட்டிக்கொண்டே போவதெல்லாம் பிறகு வந்த சமாசாரம். நம் சென்னையில் 1920-இல் ஹாரி பக் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி உண்டே, அதுவும் அதே ஒய்.எம்.சி.ஏ. வழியில் வந்ததுதான்.

சரி, ஆதிக்கே போவோம் என்று முடிவெடுத்தேன். மறுநாளிலிருந்து ஒரு வாரம் பந்தைத் தரையில் தட்டத் தடை. ஐந்து பேர் கையும் பட்ட பிறகுதான் கூடையில் போடலாம். பந்து போட்டவன், தனக்குப் பந்து கொடுத்தவனைப் பார்த்து விரல் நீட்ட வேண்டும். இந்த விரல் நீட்டுகிற பழக்கத்தை அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் பரப்பினார். மைக்கேல் ஜோர்டானுக்கே வாத்தியார் அவர். நைஸ்மித்திடம் ஆடியவர் ஃபாக் ஆலன், ஆலனிடம் ஆடியவர் ஸ்மித். ஒரே கொடியில் காய்த்த மூன்று காய்.

"அவன்தான் குடுத்தான்னு எல்லாருக்கும் தெரியுமே மாஸ்டர், எதுக்குக் கை காட்டணும்?" என்றான் 7.

"தெரிஞ்சாலும் காட்டுடா. சாப்டுட்டு ஆத்தாகிட்ட நல்லா இருந்துச்சின்னு சொல்றதில்லியா?"

"எங்க வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்க மாஸ்டர்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் சொல்வதில்லை.

உதவித் தடுப்பு என்று ஒன்று உண்டு. உன் ஆளை விட்டுவிட்டு, கூட்டாளியைத் தாண்டி வருகிறவனை மறிக்க ஓடுவது. வாயைத் திறந்து கத்த வேண்டும், அதுதான் முக்கியம். பாடமாகச் சொன்னால் ஏறவில்லை. காட்டுப்பன்றிக் காவலைச் சொன்னேன், ஏறிவிட்டது. மல்லாட்டை முற்றும் நேரத்தில் கொல்லையில் ராத்திரிக் காவல் இருப்போம். பன்றி பக்கத்துக் கொல்லையில்தான் இறங்குது, நம்மதில் இல்லையே என்று எவனும் போர்த்திக்கொண்டு படுக்க மாட்டான். டார்ச்சை அடித்துக் கூச்சல் போடுவான். அங்கே மேய்ந்து முடித்தால் அடுத்து இங்கேதானே வரும்? "அதான்டா இது" என்றேன். அன்றிலிருந்து மைதானத்தில் "பன்னி! பன்னி!" என்றுதான் கத்துகிறார்கள். வெளியூர் டீம்கள் தங்களைத் திட்டுவதாக நினைத்துச் சண்டைக்கு வருகிறார்கள், அது தனிக்கதை.

பெஞ்சுக்கும் ஒரு பாடம் வைத்தேன். வெளியே உட்கார்ந்திருப்பவன் தண்டனையில் இருப்பவன் இல்லை. அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த ஜினோபிலி, அமெரிக்க லீக்கில் பல வருஷம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடியவர். 2008-இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் என்று விருதே கொடுத்தார்கள். இதைச் சொன்னபோது, எப்போதும் பெஞ்சிலேயே இருக்கும் 13 நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டு மாசத்தில் ஆட்டம் மாறியது. எனக்குத் திருப்தி. ஆனால் என்னவோ இடறிக்கொண்டே இருந்தது. கல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் மைதானத்து ஓரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஐந்து கொட்டாங்குச்சியை வரிசையாக வைத்தேன். முதல் ஐந்து பேருக்கு ஆளுக்கொன்று. ஒருத்தனுக்கு ஒருமுறை பந்து வந்தால் அவன் குச்சியில் ஒரு புளியங்கொட்டை. இருபது நிமிஷ ஆட்டம். முடிந்ததும் எண்ணினேன். 7-க்கு நாற்பத்தொன்று. அது எதிர்பார்த்ததுதான். 4-க்கு இருபத்தேழு, 5-க்கு இருபத்துமூன்று, 6-க்கு பத்தொன்பது.

8-க்கு ஆறு.

மறுநாளும் எண்ணினேன். ஏழு. அதற்கு அடுத்த நாள் மறுபடி ஆறு. ஐந்து பேர் கையும் பட வேண்டும் என்கிற விதி இருந்தால் அவனுக்குப் பந்து வரும். விதியை எடுத்துவிட்டால் வராது.

7-ஐக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவன் விட்டுடுவான் மாஸ்டர். கேட்ச் வராது அவனுக்கு" என்றான். அதையும் எண்ணியிருந்தேன். மூன்று நாளில் வந்த பத்தொன்பதில் 8 விட்டது இரண்டு. 7 விட்டது அதைவிட மூன்று மடங்கு. சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்கிற பையன் இல்லை அவன். தான் சொன்னது உண்மை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இந்த இடத்தில் நகரத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஒன்று இல்லை, இரண்டு. ஊர், காலனி. நடுவில் ஓடையோ, ரோடோ, கொஞ்சம் கழனியோ இருக்கும். பள்ளிக்கூடம் ஒன்றுதான். 8 காலனிப் பையன். முதல் ஐந்தில் அவன் ஒருத்தன்தான் அங்கிருந்து.

எல்லாரும் ஒரே பாட்டிலில் அண்ணாந்து குடிப்பார்கள், அவன் மட்டும் வீட்டிலிருந்து தனி பாட்டில் கொண்டுவருவான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாசமாகக் கண்ணுக்கு நேரே நடந்திருக்கிறது. யாரும் அவனைத் தள்ளி வைக்கவில்லை. சிரித்துப் பேசுவார்கள், மல்லுக்கட்டுவார்கள். பந்து மட்டும் போகாது.

பசங்களை உட்கார வைத்து ஒரு அறிவுரை கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சமத்துவம், சகோதரத்துவம், ஆகஸ்ட் 15 பேச்சு. வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போது திண்ணையைப் பார்த்தேன். ஜூலையில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டு, ஐந்து பையன்களும் என் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியது நினைவுக்கு வந்தது. அம்மா டீ போட்டுக் கொடுத்தார். நாலு எவர்சில்வர் டம்ளர். ஒரு பேப்பர் கப்.

அந்த பேப்பர் கப் ஏதோ விசேஷத்தில் மிஞ்சியது. அது யார் கைக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா முகத்தில் கோபமோ வெறுப்போ இல்லை. "குடிப்பா, சூடா இருக்குது" என்று அன்பாகத்தான் கொடுத்தார். அவனும் வாங்கிக் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கித் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினேன்.

நாலு பையன்களும் என்னைப் பார்த்தார்கள், மாஸ்டர் என்ன செய்கிறார் என்று. மாஸ்டர் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்குப் படித்த பாடத்தைத்தான் மைதானத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மோட்டார் கொட்டாய்க்குப் போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. களை எடுக்க, மல்லாட்டை ஆய என்று காலனியிலிருந்து பெண்கள் வருவார்கள். 8-ன் அம்மாவும் வருவார். அவர்கள் குடிக்க ஒரு அலுமினியச் சொம்பு ஆணியில் தொங்கும். நாங்கள் குடிக்கிறது உள்ளே மாடத்தில். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். நாற்பத்துமூன்று வயசில் ஒருமுறைகூட நான் அந்த ஆணியைப் பார்த்ததில்லை, அதாவது பார்த்தும் பார்த்ததில்லை.

டீன் ஸ்மித்தைப் பற்றி மேலே சொன்னேன். அவர் இளம் உதவிப் பயிற்சியாளராக இருந்த 1950-களின் கடைசியில், அவர் ஊரில் கறுப்பின மக்களை உள்ளே விடாத உணவகம் ஒன்று இருந்தது. டீமே வழக்கமாகச் சாப்பிடுகிற இடம் அது. அங்கே தன் பாதிரியாரோடும் ஒரு கறுப்பின மாணவரோடும் போய் உட்கார்ந்தார். சாப்பாடு வந்தது. பிற்பாடு 1966-இல் சார்லி ஸ்காட் என்ற கறுப்பின மாணவரை உதவித்தொகையோடு தன் டீமுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவர் ஸ்காட். அவருடைய அப்பாவும் பயிற்சியாளர்தான், 1934-இலேயே கான்சாஸில் ஒரு கறுப்பினப் பையனைச் சேர்த்துக்கொண்டு பள்ளி டீமை மாநிலச் சாம்பியன் ஆக்கியவர். விரல் நீட்டுகிற பழக்கத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு மற்றதை நான் விட்டுவிட்டேன்.

பெரிய வீரம் ஒன்றும் செய்யவில்லை. திண்டிவனம் கடைத்தெருவில் ஒரே மாதிரி பன்னிரண்டு டம்ளர் வாங்கினேன். ஆணியில் தொங்கிய சொம்பை மாடத்தில் இருந்ததோடு சேர்த்து வைத்தேன். அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாடா புதுசா? நான் யாரையாவது திட்டனனா, அடிச்சனனா? வயித்துக்கு இல்லன்னா அள்ளிக் குடுக்கறவ நானு" என்றார். அதுவும் உண்மை. "ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ போட்டு, பன்னிரண்டு டம்ளரையும் தட்டில் வைத்து, அடுப்படி வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். 4-தான் எடுத்துவந்து கொடுத்தான். இன்றுவரைக்கும் அம்மா தட்டைப் படியில்தான் வைக்கிறார். அதற்கு மேல் நான் இழுக்கவில்லை. இழுத்திருக்க வேண்டுமோ என்று சிலசமயம் தோன்றும்.

மைதானத்தில் ஒரு தண்ணி கேன், ஒரே ஒரு சொம்பு. தனி பாட்டில் கிடையாது. முதல் நாள் மூன்று பேர் தாகம் இல்லை என்றார்கள். ஆகஸ்ட் வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டுத் தாகம் இல்லையாம்! இரண்டாம் நாள் இரண்டு பேர். நாலாம் நாள் எல்லாரும் குடித்தார்கள். ஜோடி போட்டு ஆடுவதை வாராவாரம் மாற்றினேன். டீமில் பந்து ஒன்றுதான், அதை வாரத்துக்கு ஒருத்தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னேன். வரிசை நம்பர்படி.

10-ன் அப்பா மோட்டார் கொட்டாய்க்கு வந்தார். பங்காளி முறை. "விளையாட்டு சொல்லித்தா, வேணான்னு சொல்லல. வேற எதையும் சொல்லித் தராத" என்றார். அதிகம் பேசவில்லை. மறுநாளிலிருந்து 10 வரவில்லை. டீமிலேயே உயரமான பையன். அவனை இப்போதும் தெருவில் பார்ப்பேன். பார்க்காத மாதிரி போவான். வலிக்கிறது, அவன் தப்பு ஒன்றும் இல்லை. ஐப்பசியில் ஆடிப்பட்டத்து மல்லாட்டை பிடுங்கும்போது அவர்கள் வீட்டிலிருந்து யாரும் கைகொடுக்க வரவில்லை. மாற்றி மாற்றிச் செய்துகொள்கிற வேலை, இருபது வருஷப் பழக்கம். அந்த வருஷம் அறுந்தது. ஈரத்தில் கொஞ்சம் காய் முளைத்துப் போனது.

பந்து 8-க்குப் போனதா? போனது, கொஞ்சம் கொஞ்சமாக. பதினொன்று. பதிமூன்று. தானாகப் போகிறதா, நான் எண்ணுகிறேன் என்பதால் போகிறதா என்பது தெரியவில்லை.

நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. பிறகு தென்பெண்ணை பெருகி, அரசூர் பக்கம் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. எங்கள் ஊரில் கரண்டு இல்லை, செல்போன் இல்லை, கழனி எது ஓடை எது என்று தெரியவில்லை. காலனி தாழ்வான இடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் 7 நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். "மாஸ்டர், பந்து 8 வீட்ல இருக்குது. இந்த வாரம் அவன் முறை. அடிச்சிகினு போயிடும் மாஸ்டர்."

"பந்து கெடக்குது, வீட்டுக்குப் போடா" என்றேன். அவன் கேட்கவில்லை. பந்துக்காகத்தான் போனான், அதை அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. அதற்கு முன்னால் காலனிக்குள் அவன் கால் வைத்ததே இல்லை. முட்டிக்கு மேல் தண்ணியில் போனால், 8-ன் வீட்டுச் சுவர் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அவன் அம்மா பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். 8 ஒரு தோளில் ஆட்டுக்குட்டியும், கக்கத்தில் பந்துமாக நிற்கிறான். புத்தகப்பையை எடுக்கவில்லை, பந்தை எடுத்திருக்கிறான்.

7 பந்தை வாங்கவில்லை, ஆட்டுக்குட்டியை வாங்கிக்கொண்டான். பள்ளிக்கூடத்துக்கு ஏழெட்டு நடை நடந்திருக்கிறான். பின்னாடியே 4, 5, 13 எல்லாரும். நான் டிராக்டரோடு போய்ச் சேரும்போது பாதி வேலை முடிந்திருந்தது. "இந்தப் பக்கம் பள்ளம், பன்னி! பன்னி!" என்று ஒருத்தனுக்கொருத்தன் கத்திக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து கேட்டவர்கள், பன்றிகள் வெள்ளத்தில் வந்துவிட்டன என்று நினைத்தார்களாம்.

பொங்கல் கழித்து விழுப்புரத்தில் ஒரு போட்டி. திண்டிவனத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விக்கிரவாண்டி வழியாக பஸ். இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவதில் கடைசி அரை நிமிஷம், ஒரு பாயிண்டு பின்னால் இருக்கிறோம். 7 பந்தோடு உள்ளே போகிறான். மூன்று பேர் அவன் மேல் விழுகிறார்கள். பழைய 7 என்றால் கண்ணை மூடிக்கொண்டு தானே எறிந்திருப்பான். மூலையில் 8 தனியாக நிற்கிறான். 7 திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவன் அங்கே இருப்பான் என்று தெரிந்த மாதிரி பந்தைத் தள்ளினான். 8 சுத்தமாகப் பிடித்து, குதித்துப் போட்டான்.

பந்து வளையத்தில் இரண்டு தரம் ஆடி வெளியே விழுந்தது. விசில்.

8 அங்கேயே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கு நெஞ்சு படபடத்தது. தோற்றதற்கு இல்லை. இப்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆறு மாசமும் போய்விடுமே என்று. 7 நேரே அவனிடம் போனான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு வந்தான். பிறகு 4-ஐக் கேட்டேன், என்னடா சொன்னான் என்று. "'நல்லாதான்டா போட்ட, அடுத்த தரமும் உனக்குத்தான் குடுப்பேன்'னு சொன்னான் மாஸ்டர். அதுக்கு இவன், 'கொஞ்சம் மெதுவா குடுடா, கை எரியுது'ன்னான்."

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். 8 ஒரு பாட்டிலைத் திறந்து பாதி குடித்தான். பக்கத்தில் இருந்த 7, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அதை வாங்கி, வாய் வைத்தே குடித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனான். அண்ணாந்து குடிக்கக்கூட இல்லை.

இதனால் ஊர் மாறிவிட்டது என்று எழுதினால் என்னை அறிந்தவர்களே சிரிப்பார்கள். 10 இன்னும் வரவில்லை. அம்மாவின் தட்டு படியிலேயே இருக்கிறது. நேற்று மட்டும், காய் காய்கிறதே என்று ஆட்டமில்லாத சாயங்காலத்தில், "அந்த ஓடைக்கு அந்தாண்ட புள்ள எங்கடா, ஒரு வாரமா காணோம்? செவுரு கட்டிட்டாங்களாமா?" என்று கேட்டார். கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். "செங்கல்லு மிஞ்சினது கொல்லையில கெடக்குது பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பெண் பிள்ளைகளுக்கும் ஆரம்பிக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கிற என் பெரிய மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். சென்னையிலிருந்து போய் இந்திய டீமுக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரையின் படத்தை மொபைலில் வைத்திருக்கிறாள். புளியங்கொட்டை எண்ணுகிற வேலை தனக்கு வேண்டும் என்கிறாள்.

இன்னும் இரண்டு வெயில் காய்ந்தால் காயை மூட்டை கட்டிவிடலாம். 7-ம் 8-ம் காலையில் வந்து, கால்களால் காயைக் கிளறிவிட்டுப் போனார்கள், தரை சீக்கிரம் காலியாகட்டும் என்று. சம்பளமாக ஆளுக்கு ஒரு மடி மல்லாட்டை. அவித்துத் தின்ன.